ஒரே பாத்திரம்

தஞ்சாவூர்க்காரனுக்குப் பணிவு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. யாருக்கு எவ்வளவு என்று மரக்காலில் அளந்து வைத்த பணிவு அது. மிராசுதாருக்கு இவ்வளவு, தாசில்தாருக்கு இவ்வளவு, வித்வானுக்குச் சபையில் இவ்வளவு, அதே வித்வானுக்குச் சம்பாவனை கேட்டு வாசலில் வந்து நிற்கும்போது இவ்வளவு. தோளில் கிடக்கும் துண்டு எந்த இடத்தில் இடுப்புக்கு இறங்க வேண்டும், காலில் கிடக்கும் செருப்பு எந்தத் தெருமுனையில் கைக்கு ஏற வேண்டும் என்பதற்கெல்லாம் இங்கே கணக்கு இருந்தது. கணக்கு மாறியிருக்கிறது; அழியவில்லை. நான் வங்கியில் குமாஸ்தா. பதினோரு வருஷமாகக் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து அதன் இன்றைய வடிவத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குறுவைக்கு விதை வாங்கத் தாலிக்கொடியைக் கொண்டுவந்து கொடுக்கிறவள் நின்றுகொண்டே இருக்கிறாள். நிரந்தர வைப்பு வைக்க வருகிறவருக்கு, யாரும் சொல்லாமலே, நாற்காலி நகர்கிறது. அதை நகர்த்துகிற கை பல தடவை என்னுடையது.

இதைச் சொல்லித் தொடங்கக் காரணம் உண்டு. நண்பர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் பேசிக்கொண்டிருக்கையில், தமிழ்க் கவிதையில் பணிவு என்கிற அனுபவமே கிறிஸ்தவர்களிடம்தான் இருக்கிறது என்றார். நம் மரபில் இருப்பது அடக்கம். அது சமூகப் பழக்கம். தன்னைத்தான் வெறுமையாக்கிக்கொள்வது என்கிற உள் அனுபவம் வேறு விஷயம். அதற்கு வேதநாயக சாஸ்திரியாரைப் படியுங்கள் என்றார். நான் கிறிஸ்தவனல்ல. ஆனால் சாஸ்திரியார் என் ஊர்க்காரர். அவரைப் படித்தும் இருக்கிறேன். நண்பர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதி ஆபத்தானது என்பது என் அபிப்பிராயம். அந்த ஆபத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சரியான பாதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். குறள், பணிவு எல்லோருக்கும் நல்லதுதான் என்று சொல்லிவிட்டு, பணக்காரனிடம் அது இருந்தால் இன்னொரு செல்வம் சேர்ந்த மாதிரி என்கிறது. வங்கிப் பாஷையில் சொன்னால், சொத்துப் பட்டியலில் இன்னொரு இனம். வள்ளுவரைக் குறை சொல்லவில்லை. உலகம் எப்படி நடக்கிறதோ அதைப் பார்த்துச் சொன்னவர் அவர். ஏசுவின் கதையில் வரும் பணிவு இந்தப் பட்டியலில் ஏறாது. மேலே இருந்தது தன் இருப்பைக் காலி செய்துகொண்டு கீழே வருகிறது. மாட்டுத் தொட்டியில் தொடங்கிக் கொலைமரத்தில் முடிகிறது. அது வரவு அல்ல, முழுக்க முழுக்கப் பற்று. நெல்லாலும் நிலத்தாலும் மனிதனை மதிப்பிட்ட இந்தக் காவிரிப் படுகைக்கு அந்தக் கதை வந்து சேர்ந்தபோது என்ன ஆயிற்று? கேட்க வேண்டிய கேள்வி இது. சாஸ்திரியாரைப் படிப்பது இந்தக் கேள்விக்குள் போவதுதான்.

சாஸ்திரியாருக்கு முன்னால் சுவார்ட்ஸ். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்துசேர்ந்த ஜெர்மானியர், பிறகு திருச்சி, பிறகு தஞ்சாவூர். 1798-இல் இங்கேயே இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எளிமையாக வாழ்ந்தார். 1779-இல் கும்பினியார் அவரை ஹைதர் அலியிடம் தூது அனுப்பினார்கள். ஹைதர் கொடுத்த பணத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் தர்மப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிவிட்டார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1780களின் யுத்தமும் பஞ்சமும். ஊர்கள் காலியாகி, குடியானவர்கள் ஓடிப்போயிருந்தார்கள். ராஜாவின் வார்த்தையையும் கும்பினியின் வார்த்தையையும் நம்பி ஒருவரும் நெல் கொடுக்கவில்லை, திரும்பி வந்து ஏர் பூட்டவும் இல்லை. சுவார்ட்ஸ் சொன்னால் வந்தார்கள், ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கடன் கொடுக்கும் தொழிலில் இருக்கிறவனுக்கு இதன் அர்த்தம் நன்றாகப் புரியும். ஈடு வைக்க ஒன்றுமில்லாத ஒருவனுடைய வாய்வார்த்தை ஒரு ராஜ்யத்தின் முத்திரையைவிட அதிக மதிப்புப் பெற்றிருக்கிறது. தனக்கென்று எடுத்துக்கொள்ள மாட்டான் என்று தெரிந்தவனிடம் மட்டும் உண்டாகிற மதிப்பு அது.

அந்த மனிதனுக்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்க்கச் சிவகங்கைக் குளத்தருகே உள்ள அவருடைய தேவாலயத்துக்குப் போக வேண்டும். அவர் வளர்த்துக் காப்பாற்றி அரியணை வரை கொண்டுவந்த சரபோஜி மன்னர், லண்டனில் பிளாக்ஸ்மன் என்கிற பெரிய சிற்பியைக் கொண்டு செதுக்கி வரவழைத்த சலவைக்கல் அங்கே இருக்கிறது. படுக்கையில் கிழவர். பக்கத்தில் மன்னர், கையைப் பற்றிக்கொண்டு. கல்லறைக்கு மன்னரே ஆங்கிலத்தில் செய்யுள் எழுதிக் கொடுத்தார். அதில் சொல்லப்படும் குணங்களில் பணிவும் ஒன்று. மன்னரின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கல்லின் முன் நிற்கும்போதெல்லாம் ஒரு சங்கடம். பணிவைச் சலவைக்கல்லில் செதுக்கியதும் அதுவும் ஓர் அரண்மனைப் பொருளாகிவிடுகிறது. வாழ்ந்த பணிவு ஒரு தலைமுறைக்குள் அந்தஸ்தாக மாறும் ரசவாதம் இது. தஞ்சாவூர் இதில் தேர்ந்த ஊர்.

இனி சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். சுவார்ட்ஸ் பையனைப் பார்த்துத் தஞ்சாவூருக்கு அழைத்து வந்து வளர்த்தார். தரங்கம்பாடியில் படிப்பு, பிறகு தஞ்சையில் உபாத்தியாயர் வேலை. சரபோஜியும் அவரும் ஒரே குருவின் பிள்ளைகள். ‘பெத்லகேம் குறவஞ்சி’யை 1800-இல் எழுதினார். சபைகள் அவருக்குப் பட்டங்கள் சூட்டின. சக்கரவர்த்தி என்கிற சொல்லும் அவர் பேரோடு ஒட்டிக்கொண்டது. கிறிஸ்துவின் அடிமை, கவிகளின் சக்கரவர்த்தி! இந்த முரண் அவரை உறுத்தியதாகத் தெரியவில்லை. அன்றைக்குப் புலவன் என்றால் பட்டம் உண்டு, அவ்வளவுதான். சிறுமை அதில் இல்லை. அரசர் தன் தெய்வத்தைப் பாடக் கேட்டபோது மறுத்தவர் என்று அவர் மரபினர் சொல்லிவருகிறார்கள். கொடுக்கிற கையைப் பார்த்துப் பாட்டை மாற்றாத புலவன், அந்த அளவில் நமக்கெல்லாம் மூத்தவன்.

சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. 1820களில் புதிய தலைமுறை மிஷனரிகள் வந்தார்கள். சுவார்ட்ஸ் காலத்தில் தேவாலயத்துக்குள் சாதிக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் சில இடங்களில் தனித்தனிப் பாத்திரம். சில இடங்களில் பாத்திரம் ஒன்றே, ஆனால் முதலில் யார் வாய் வைப்பது என்று வரிசை. வந்தவர்கள் இதைக் கலைக்கப் பார்த்தார்கள். சாஸ்திரியார் எதிர்த்தார். சாதியைத் திருத்த நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்று 1829-இல் ஒரு நூலே எழுதினார். புதியவர்கள் செய்யும் கொடுமைகள் என்று அவர் எண்ணிச் சொன்னவை நான்கு: வேதப்புத்தகத்தின் தமிழை மாற்றுகிறார்கள், சாதிகளை ஒன்றாக்கச் சொல்கிறார்கள், கல்யாணத்துக்கும் சாவுக்கும் பூவைத் தடுக்கிறார்கள், ஆராதனையில் தமிழ்ப் பாட்டையும் இசையையும் நிறுத்துகிறார்கள். மிஷனில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. கிறிஸ்தவர்கள் வெளியே தள்ளிய கிறிஸ்தவக் கவிக்கு ஆதரவு தந்தவர் பெரிய கோயிலின் காவலரான சரபோஜி. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி இனி கூடவே கூடாது என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சென்னையிலும் பெருங்கூட்டம் சபையை விட்டு வெளியேறியது.

இந்த நான்கு குற்றச்சாட்டுகளைப் படிக்கும்போது நம்மைப் போன்றவர்களுக்கு உடனே எந்தப் பக்கம் மனசு சாயும் என்று எனக்குத் தெரியும். பூவையும் பாட்டையும் பிடுங்க வந்த வெள்ளைக்காரன். தமிழைக் காக்க நின்ற கவிஞன். பண்பாடு என்ற சொல்லை நாம் இப்படித்தான் உபயோகித்து வந்திருக்கிறோம். நான்காவதிலும் மூன்றாவதிலும் சாஸ்திரியார் முழுக்கச் சரி. செத்தவனுக்குப் பூப் போடாதே என்று சொல்லக் கடவுளாலேயே முடியாது. முதலாவதில் பாதி சரி. ஆனால் இரண்டாவதை அவர் இந்த மூன்றோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். மூட்டை முழுக்கப் பூ வாசனை. பிரித்தால் உள்ளே பறையனுக்குத் தராத பாத்திரம். பண்பாட்டைக் காக்கிறோம் என்று எழுந்து நிற்கும் ஒவ்வொரு கட்டுரையையும், என்னுடையது உட்பட, நான் இப்போது இப்படிப் பிரித்துப் பார்த்துத்தான் படிக்கிறேன்.

எதிர்த் தரப்பும் யோக்கியமல்ல. சாதியை ஒழி என்று கடிதம் எழுதிய திருச்சபையின் சொந்த ஊரில் தேவாலய பெஞ்சுகள் வாடகைக்கு விடப்பட்டுக்கொண்டிருந்தன. காசுள்ள குடும்பத்துக்கு முன் பெஞ்சு, கூலிக்காரனுக்குப் பின்னால் ஓரம். பங்களாவில் இருந்துகொண்டு பிறருக்குச் சமத்துவம் போதிப்பது சுலபம். அவர்களுக்கு இழக்க ஒன்றுமில்லாத இடத்தில் அவர்கள் பணிவைக் கேட்டார்கள். இது உண்மை. ஆனால் கேட்டவன் யோக்கியனில்லை என்பதால் கேள்வி பொய்யாகிவிடாது.

இங்கேதான் இலக்கியக் கேள்வி வருகிறது. கடவுளின் முன் புழுவிலும் கீழாகத் தன்னை வைத்துப் பாடிய கவிஞனால், பக்கத்தில் இருக்கிறவன் வாய் வைத்த பாத்திரத்தில் வாய் வைக்க முடியவில்லை என்றால், அந்தப் பாட்டின் பணிவு பொய்யா? அப்படிச் சொல்லிவிட்டால் விமர்சகனுக்குச் சௌகரியம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்தப் பாட்டுகளில் மனம் உருகுவது எழுத்தில் தெரிகிறது. நடிப்பு அவ்வளவு நாள் நிற்காது. என் பதில் வேறு. மேலே பார்த்துச் செய்கிற பணிவுக்குச் செலவில்லை. தன்னைவிட எல்லையற்றுப் பெரியதன் முன் குனிவதில் அந்தஸ்து ஒரு அணுவும் குறைவதில்லை. ராஜாவின் முன் குனிந்தவனுக்கு ஊரில் மதிப்புக் கூடுகிற மாதிரி, கூடத்தான் செய்யும். செலவு பக்கவாட்டில்தான் இருக்கிறது. பக்கத்தில் உட்காரப்போகிறவன் யார் என்பதில் இருக்கிறது.

பி.ஏ.யில் எங்களுக்கு ஜார்ஜ் ஹெர்பர்ட் பாடம். அரண்மனைப் பதவிக்கு ஆசைப்பட்டுப் பிறகு சின்னக் கிராமத்துப் பாதிரியாராகி 1633-இல் இறந்துபோன ஆங்கிலக் கவி. அவர் தொகுப்பின் பிரதான பகுதி முடியும் கவிதையில் விருந்துக்கு வந்தவன் தனக்குத் தகுதியில்லை என்று தயங்கித் தயங்கி நிற்பான். விருந்து வைத்தவர் விடமாட்டார். கடைசியில் உட்கார்ந்து சாப்பிடுவான். பணிவு என்று சொல்லிக்கொண்டு விலகி நிற்பதும் ஒரு அகங்காரம்தான் என்பதை இதைவிட நேராகச் சொன்ன கவிதையை நான் படித்ததில்லை. பத்தொன்பது வயதில் அதைப் படித்துவிட்டு வெண்ணாற்றங்கரையில் தனியாக நடந்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது படித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. அந்த மேஜையில் இரண்டே பேர். கடவுளும் ஆத்மாவும். மூன்றாவது ஆளுக்கு இலை போடவில்லை. தஞ்சாவூர்ப் பந்தியில் உட்கார்ந்து பழகியவனுக்கு முதலில் தோன்றுகிற கேள்வி, பக்கத்து இலையில் யார் என்பது. ஹெர்பர்ட்டுக்கு அந்தக் கேள்வி எழவில்லை. சாஸ்திரியாருக்கு எழுந்தது. அவர் தவறான விடை சொன்னார். ஆனால் கேள்வி அவரைச் சுட்டது என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

‘பெத்லகேம் குறவஞ்சி’க்கு வருகிறேன். குறவஞ்சி என்கிற உருவத்தின் அமைப்பு நமக்குத் தெரிந்ததே. தலைவன் பவனி வருவான். உயர்குலத்துத் தலைவி கண்டு மயங்குவாள். அரண்மனை வைத்தியமும் தோழியும் தீர்க்காத நோயைத் தீர்க்க மலையிலிருந்து குறத்தி கூடையோடு வருவாள். தன் மலை வளமும் தான் சுற்றிய நாடுகளும் சொல்லிப் பெருமையடிப்பாள். பிறகு, இதுதான் உயிரான இடம், தலைவியின் கையைப் பிடிப்பாள். தாழ்ந்தவள் என்று ஊர் ஒதுக்கியவளின் கையில் உயர்ந்தவளின் கை கிடக்கும். உள்ளங்கையைப் படித்து அவள் சொன்னால்தான் கதை நகரும். அதே காலத்தில், அதே சரபோஜியின் மேல், கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய ‘சரபேந்திர பூபாலக் குறவஞ்சி’யிலும் இதே அமைப்புத்தான். அங்கே தலைவன் ராஜா, இங்கே கிறிஸ்து. ஒரே ஊர், ஒரே உருவம், இரண்டு ராஜாக்கள்.

சாஸ்திரியார் எவ்வளவோ உருவங்களில் எதைத் தேர்ந்தாலும் தேர்ந்திருக்கலாம். கிறிஸ்துவைச் சொல்லக் குறவஞ்சியை எடுத்தது சாதாரண விஷயமல்ல. தாழ்ந்தவளின் கையிலிருந்து வரும் நற்செய்தி என்பது சுவிசேஷத்தின் அடிப்படை அமைப்பு. மாட்டுத் தொழுவமும் இடையர்களும் செம்படவர்களும் இருக்கிற கதைக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான உருவம் இல்லை. உருவம் இங்கே கவிஞனைவிட அதிகம் அறிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சாஸ்திரியார் என்கிற வேளாளக் கிறிஸ்தவர் தேவாலயத்தில் மறுத்ததை, சாஸ்திரியார் எடுத்துக்கொண்ட உருவம் மேடையில் நடத்திக் காட்டிவிட்டது.

ஆனால் இந்த இடத்திலேயே படைப்பு நழுவவும் செய்கிறது. குறத்தி ஞானச்சிங்கி ஆகிறாள். சிங்கன் ஞானச்சிங்கன். வலை ஞானவலை. பறவைகள் ஆத்மாக்கள். எல்லாம் உருவகம். உருவகமான மறுகணம் அவளுக்குச் சாதி இல்லாமல் போகிறது. பசி இல்லை, கூடையின் கனம் இல்லை, அழுக்கு இல்லை. ஞானத்தின் கையைப் பிடிக்க யாருக்கும் தயக்கம் இருக்காது. ‘குற்றாலக் குறவஞ்சி’யில் சிங்கனும் சிங்கியும் சண்டையிட்டுக் கொஞ்சிக்கொள்ளும்போது இரண்டு மனிதர்கள் அங்கே நடமாடுகிறார்கள். பக்தியில் குறைந்த திரிகூடராசப்பரிடம் குறத்திக்கு உடம்பு இருக்கிறது. பக்தி மிகுந்த சாஸ்திரியாரிடம் அவளுக்கு அர்த்தம் மட்டும் இருக்கிறது. 1829-இல் அவர் எழுதப்போகும் நூலின் விதை, முப்பது வருஷத்துக்கு முந்தைய இந்தக் கலைத் தோல்வியில் இருக்கிறது என்பது என் கட்சி. தொட வேண்டிய கையை அர்த்தமாக்கிவிட்டால் தொடாமலே தொட்டதாகிவிடும். நம் நவீன கவிதையும் இந்தத் தந்திரத்தை நன்றாகக் கற்றிருக்கிறது. சேரியையும் பசியையும் படிமமாக்கி, படிமத்தைப் பாராட்டிக்கொள்கிற வித்தை நமக்கும் கைவந்ததுதான்.

இதே தஞ்சாவூர் மிஷனில் இன்னொரு மனிதர் இருந்தார், சாஸ்திரியார் பிறப்பதற்கு வெகு முன்பே. ராஜநாயக்கன். பறையர் குலம். தஞ்சாவூர் ராஜாவின் படையில் சிப்பாய். கத்தோலிக்கராகப் பிறந்து, தரங்கம்பாடிக்காரர்களின் தமிழ்ப் புத்தகத்தைப் படித்து அவர்களைத் தேடிப்போனவர். 1730களில் தஞ்சைச் சீமையில் உபதேசியாராக அலைந்து சபையைக் கட்டினார். தமிழர்களில் முதல் குருவாக 1733-இல் ஆரோன் என்கிற வேளாளர் பட்டம் பெற்றார். அடுத்த பட்டத்துக்கு ராஜநாயக்கனின் பேர் எழுந்தது. தகுதியில் ஒரு குறையும் இல்லை. பறையன் கையால் திருவிருந்து வாங்கச் சூத்திரக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்பதால் கைவிடப்பட்டது. 1741-இல் டியோகோ என்பவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். ராஜநாயக்கன் உபதேசியாராகவே வேலையைத் தொடர்ந்தார்.

இவரைப் பார்த்து, ஆஹா, இதல்லவோ பணிவு என்று எழுதிவிடத் தோன்றும். அந்த ஆசையை நான் எதிர்க்கிறேன். நண்பர் சொன்னதில் ஆபத்தான பாதி என்றேனே, அது இதுதான். கொடுக்காமல் மறுக்கப்பட்டவனின் மௌனத்தைப் பணிவு என்று பாராட்டுகிறவன், மறுத்தவனின் வேலையை முடித்துக் கொடுக்கிறான். மறுப்பைக் கேட்ட அந்த ராத்திரி அவர் என்ன நினைத்தார் என்பது நமக்கு வந்து சேரவில்லை. அவர் பணிந்தாரா, பல்லைக் கடித்தாரா, தெரியாது. அவருக்குச் சலவைக்கல் இல்லை. பட்டம் இல்லை. சாஸ்திரியாருக்கு நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள்; பேரர்கள் பாடிப் பாடிக் காப்பாற்றினார்கள். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் பணிவைத் தேடுகிறவன், எழுதப்பட்டதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ஒரு பக்கக் கணக்கை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவனாவான்.

அப்படியானால் இந்தச் சீமையில் கிறிஸ்தவ எளிமை எங்கேயாவது செலவாயிற்றா? ஒரு இடம் சொல்வேன். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. சாஸ்திரியாரின் பேர்தான், இவர் கத்தோலிக்கர், 1826-இல் குளத்தூரில் பிறந்தவர். 1879-இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர் என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்தஸ்து இவரைத் தேடி வந்து மொய்த்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவரைப் பாட்டுடைத் தலைவனாக்கிக் கோவையே பாடினார். சைவப் பெரும்புலவர் ஒரு கிறிஸ்தவ முன்சீப்பின்மேல் அகத்துறையில் கோவை பாடுவது! ஹாஸ்யமும் உண்டு, அன்பும் உண்டு. அந்தக் காலத்து மாயூரத்தின் காற்று அப்படி. 1876 தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் பிள்ளை உத்தியோகத்தில் இல்லை. கைப்பொருளை எடுத்துக் கஞ்சி ஊற்றினார். கோபாலகிருஷ்ண பாரதி மனம் நெகிழ்ந்து இவர்மேல் கீர்த்தனை பாடினார். நந்தனைப் பாடிய வாய் அது, சும்மா புகழாது.

பிள்ளையின் கீர்த்தனைகள் கவிதையாக அவ்வளவு உயரமில்லை. பஞ்சத்தைப் பற்றி அவர் பாடியவற்றில் அலங்காரமே கிடையாது. கடவுளிடம் மனுக் கொடுக்கிற பாஷை. ஆனால் அந்தப் பாட்டுகளில் பசித்தவன் பசித்தவனாகவே இருக்கிறான், உருவகமாகவில்லை. சாஸ்திரியாரிடம் இருக்கிற கவித்துவத்தில் கால்வாசி பிள்ளையிடம் கிடையாது. சாஸ்திரியாரிடம் இல்லாத ஒன்று பிள்ளையிடம் இருக்கிறது: தான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்கிற தெளிவு. பிள்ளை என்ற பட்டத்தை அவரும் விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழுமையான மனிதன் யாரையும் நான் இங்கே தேடவில்லை.

இருப்பதைக் கொண்டு திருப்தியாயிரு என்பது பணிவின் மறுபக்கம். கிறிஸ்தவமும் சொல்கிறது, நம் சித்தர்களும் சொன்னார்கள். யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது ஞானமாகவும் இருக்கும், அயோக்கியத்தனமாகவும் இருக்கும். கீழத்தஞ்சையில் கூலியாட்கள் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். அன்று கிறிஸ்துமஸ் என்பது தற்செயல்தான். அதில் அர்த்தம் பிழிய நான் தயாரில்லை. ஆனால் பிறகு 1973-இல் வந்த உயர்நீதிமன்றத் தீர்ப்பு தற்செயலல்ல. காரும் நிலமும் உள்ள கனவான்கள் தாங்களே அங்கே நடந்துபோய் இதைச் செய்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்கிற ரீதியில் அது போயிற்று. அந்தஸ்தே சாட்சியாகி வந்து நின்று விடுதலை வாங்கிக் கொடுத்தது. இந்த மண்ணில் போதும் என்ற மனசைப் பற்றி எழுதுகிற எவனும் முதலில் அந்த அரைப்படிக்குப் பதில் சொல்லிவிட்டு எழுத வேண்டும்.

கத்தோலிக்கர்கள் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலில் இரண்டு சாதிக்கு இரண்டு மண்டபம், நடுவில் சுவர். இரண்டும் பீடத்தில் போய்ச் சேரும். 1910-இல் சுவரை இடித்தார்கள். நம் கவிதைக்குள் இருக்கிற சுவர் அப்படிக் கண்ணுக்குத் தெரிகிற சுவரல்ல. அதனால் இடிக்கவும் வராது.

கடைசியாக ஒன்று. ஆறேழு வருஷத்துக்கு முன் பயிர்க்கடன் விஷயமாக மேலாளருடன் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஊர்ப் பேர் வேண்டாம். வாய்க்கால் மதகருகே டீக்கடை. எனக்கும் மேலாளருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ. நடவு முடித்துக் கரையேறி வந்த நான்கு பேருக்கு காகிதக் கப். அவர்கள் குடித்துவிட்டுக் கசக்கி வாய்க்காலோரம் போட்டார்கள். எங்கள் டம்ளரைக் கடைக்காரர் கழுவிக் கவிழ்த்தார். இரட்டை டம்ளர் இல்லை, ஒருவரும் ஒருவரையும் ஒன்றும் சொல்லவில்லை, சுகாதாரமும் கெடவில்லை. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அன்றைக்குப் பையில் சாஸ்திரியாரைப் பற்றிய குறிப்பு நோட்டு இருந்தது. எனக்கும் காகிதக் கப்பில் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். அவர்களுக்கும் டம்ளரில் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஒன்றும் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, எவ்வளவு என்று கேட்டு, காசு கொடுத்தேன்.

ஆகவே சாஸ்திரியாரின் மேல் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் விமர்சனம் என்பது தகுதியுள்ளவன் செய்கிற காரியம் என்று நான் எப்போதும் நினைத்ததில்லை. அவர் தன் தயக்கத்தை 1829-இல் எழுத்தில் ஏற்றினார். நான் என்னுடையதை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். அவருடைய எழுத்தில் எனக்கு உடன்பாடில்லாத அந்த நூல்தான் இன்று எனக்கு மிக வேண்டியதாக இருக்கிறது, பாட்டுகளைவிட. பாட்டுகள் அவர் எப்படி இருக்க ஆசைப்பட்டார் என்பதைச் சொல்கின்றன. அந்த நூல் நாம் யார் என்பதைச் சொல்கிறது.